பட்டாவில் பெயர் இல்லாதவர்களும் வரைபடத்தில் வரட்டும்

பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் உருவானபோது, ஊருக்கு வெளியே கருப்பூரில் அமைந்தது. சேலத்துக்குள்ளேயே இருக்கும் கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. புதுக் கட்டடம், விடுதி என்றால் பக்கத்துத் தெருமேல்தான் கண் போகும். அப்படி விரிவதற்கு முன், அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு வரைபடம் வேண்டும்.

நகரமைப்பு வேலையில் முதலில் கைக்கு வருவது புல வரைபடமும் செயற்கைக்கோள் படமும்தான். சேலத்தின் அம்மாபேட்டையிலோ குகை என்ற பகுதியிலோ ஒரு நெசவாளர் தெருவை அவற்றில் பார்த்தால் வரிசையாக வீடுகள், அவ்வளவுதான். உள்ளே போனால் முன்னறையில் குழித்தறி இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் என்றால் கொலுசுப் பட்டறை. பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்டிக் கஞ்சி போடத் தெருவே வேண்டும். அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்கும் அளவையாளருக்கு அது காலியாகக் கிடக்கும் சாலை. அந்தப் பக்கம் கல்லூரிப் பேருந்துக்கு ஒரு வாசல் திறந்தால் போதும், ஒரு வீட்டையும் இடிக்காமலே தொழில் நின்றுபோகும். அதனால் விடியற்காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் நடந்துதான் குறிக்க வேண்டும். ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கையின் பாதையைக் குறிக்காத குகை வரைபடத்தை நான் முழுமையானது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், வாடகைக்கு இருப்பவர்கள். 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அங்கே வேலை செய்து பிழைக்கும் கைவினைஞர், குத்தகைதாரர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களாகவே கணக்கில் சேர்க்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் அதில் உண்டு. ஆனால் தனியார் கல்லூரி ஒவ்வொரு மனையாகப் பேசி வாங்கும்போது அந்த மதிப்பீட்டை யாரும் கேட்பதில்லை. விற்றவருக்குப் பணம்; தறி போட்டிருந்த வாடகைக்காரருக்குக் காலி செய்யச் சொல்லித் தகவல். சட்டம் கேட்காவிட்டாலும் கல்லூரி நிர்வாகம் தானாகவே இந்தக் கணக்கெடுப்பைச் செய்யலாம். பெரிய செலவில்லை, வரைபடம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள்தான்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் சுமார் 17 ஏக்கரில் விரிந்தபோது, நிலம் எடுப்பதை எதிர்த்த வழக்கு 2010-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்ப் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக முடிந்தது. அங்கே 2009-இல் குடியிருப்பாளர் தரப்போடு 15 கோடி டாலருக்கு நலன் ஒப்பந்தம் போட்டார்கள். இங்கே அப்படிப் பேச்சு தொடங்கவே, யார் யாரோடு பேசுவது என்று தெரிய வேண்டுமே.

வரைந்ததைப் பெரிதாக, தமிழில் அச்சிட்டு ரேஷன் கடைப் பக்கம் ஒட்டுங்கள். தெருக்காரர்கள் பேனாவால் திருத்தட்டும். ஒன்று மட்டும்: புறம்போக்கில் குடியிருப்பவர்களின் பெயரையும் கதவு எண்ணையும் அதில் போடாதீர்கள். அதே படத்தை வைத்து நாளைக்கே அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியும்.