துப்பாக்கிக் காயம்: போலீஸ் வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டுமா?

காரைக்குடி, தேவகோட்டைச் சுற்றுவட்டாரத்தில் கண்மாய்ப் பக்கம் முயலுக்கு வைத்த குறி தப்பி ஆள் மேல் பட்டால், வீட்டாருக்கு முதலில் வருவது கேஸ் பயம்தான். அதுவும் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். ‘ஆணி குத்தியது’ என்று சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அரசு மருத்துவரோ தனியாரோ, அடிபட்டு வருகிறவரின் உயிரைக் காக்கும் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், போலீஸ் நடைமுறைக்காகத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதும், காவல் நிலையத்துக்கும் சொல்லும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் அது ஒரு பக்கம் நடக்கட்டும், சிகிச்சை இன்னொரு பக்கம் நடக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் வசதி இல்லாத இடம் என்றாலும் ரத்தத்தை நிறுத்தி, நிலைமையைச் சீராக்கிய பிறகுதான் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ அனுப்பலாம். வாசலிலேயே திருப்பி அனுப்புவது தவறு.

அவசரம் ரத்தப்போக்குக்கு மட்டும் இல்லை. தோட்டாவின் சூட்டில் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. தோட்டா போகிற வழியில் சட்டைத் துணி, தோல், அழுக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போகும். நாட்டுத் துப்பாக்கியில் இது இன்னும் மோசம்: கரிமருந்தையும் ரவை என்கிற சின்னக் குண்டுகளையும் கிட்டிக்க வைத்த துணியோ தேங்காய் நாரோகூட, கிட்டத்தில் சுட்டால் உடம்புக்குள் போய்விடும். சுற்றியுள்ள சதை நசுங்கிச் செத்துப்போகும். ரத்தம் ஓடாத அந்தச் சதையில்தான் டெட்டனஸ் கிருமியும், சதையை அழுகவைக்கும் வாயுக் கிருமியும் வளரும். குடல் கிழிந்திருந்தால் மலக்கிருமி வயிறு முழுக்கப் பரவும். ஆணி என்று பொய் சொன்னால் மருத்துவர் இதையெல்லாம் எப்படித் தேடுவார்?

மருத்துவமனையில் செத்த சதையை வெட்டி எடுத்துக் கழுவிவிட்டு, அழுக்கான காயத்தை நாலைந்து நாள் தையல் போடாமலே விடுவது உண்டு. ‘தைக்காமல் அப்படியே போட்டுவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். உடனே மூடினால் உள்ளே சீழ் கட்டும். எல்லா ரவையையும் எடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். முழுத் தவணை போடாதவருக்கு இம்யூனோகுளோபுலின் (கிருமியின் விஷத்தை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியும் சேர்த்துத் தேவை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரவையை நோண்டவும் வேண்டாம். சட்டையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அது போலீஸுக்குச் சாட்சி. ஓட்டையில் துணி எவ்வளவு காணோம் என்று பார்த்தால், உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று மருத்துவருக்கும் ஒரு கணக்குக் கிடைக்கும்.

அப்புறம் பணம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். யாரோ சுட்டுக் காயப்பட்டவர் என்றால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 396-ஆம் பிரிவின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம். சுட்டவர் யாரென்று தெரியாவிட்டாலும் கேட்கலாம். விபத்துப் பதிவேட்டு நகலையும் முதல் தகவல் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.