ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம்

போன வாரம் மறுபடியும் ஒரு இரண்டு மாதக் குழந்தை. சளி என்று தூக்கி வந்தார்கள். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "மருந்து எதுவும் கொடுக்கலை டாக்டர், துளசிச் சாறும் தேனும்தான்" என்றார் பாட்டி. நல்லவேளை, வெறும் சளிதான். ஆனால் பிறந்த அன்று சேனை, அப்புறம் தேனில் குழைத்த வசம்பு, இப்போது சளிக்கு என்று இதே கதையைக் கேட்டுக் கேட்டு மனம் பதறுகிறது.

தேனில் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நம் வயிற்றில் அவை முளைப்பதில்லை. பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் நஞ்சைச் சுரக்கும். குழந்தை போட்டுலிசம் என்ற இந்த நோயை 1976-லேயே கலிபோர்னியாவில் அடையாளம் கண்டுவிட்டார்கள்.

இதைச் சொன்னால், "இது கடைத் தேன் இல்லை, சுத்தமான மலைத்தேன்" என்கிறார்கள். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வித்துகள் மண்ணிலும் தூசியிலும் இருப்பவை. தேனீயோடு ஒட்டிக்கொண்டு கூட்டுக்குள் போகும். கொல்லிமலையில் உங்கள் கண்ணெதிரே எடுத்த தேனிலும் இருக்கலாம், முத்திரை போட்ட பாட்டிலிலும் இருக்கலாம். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. கலப்படச் சோதனையில் தேறிய தேன் என்றால் சர்க்கரைப்பாகு கலக்கவில்லை என்றுதான் அர்த்தம், வித்து இல்லை என்று அர்த்தமில்லை. காய்ச்சிக் கொடுத்தாலும் பயனில்லை. கொதிக்கும் சூட்டை வித்து தாங்கிவிடும். அதைக் கொல்ல அழுத்தத்தோடு 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். "நாங்களெல்லாம் நக்கித்தானே வளர்ந்தோம்" என்கிறீர்களா? சரி, அரிதான நோய்தான். அந்த அரிதான ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டுமா?

முதல் அறிகுறி வயிற்றுப்போக்கு அல்ல, மலச்சிக்கல். அதனால்தான் உணவு நஞ்சு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிறகு பால் உறிஞ்சும் பலம் குறையும், அழுகை ஈனமாகும், இமை சரியும், கழுத்து துவளும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. மூச்சுத் தசைகளும் தளர்ந்தால் வென்டிலேட்டர்தான், அதுவும் வாரக்கணக்கில். குழந்தைகளுக்கான நஞ்சுமுறி மருந்தைக் கலிபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறையிடமிருந்து வரவழைக்க வேண்டும். (இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: துவண்டு வரும் குழந்தையிடம் இந்தச் சந்தேகம் இருந்தால் ஜென்டாமைசின் வேண்டாம், வேறு ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுங்கள். ஜென்டாமைசின் தசைத் தளர்ச்சியைக் கூட்டும்.)

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பதற வேண்டாம். இப்போதே நிறுத்திவிட்டு ஒரு மாதம் கவனியுங்கள். மேலே சொன்னதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தேன் கொடுத்ததை மறைக்காதீர்கள், யாரும் திட்டமாட்டோம்.

பாட்டிமார்களே, சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்ற ஆசை புரிகிறது. அவர் மடியில் பிள்ளையைக் கிடத்தி ஆசி வாங்குங்கள். நாக்கில் தேனும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தாய் தேன் சாப்பிடலாம், பால் வழியாக வித்து குழந்தைக்குப் போகாது.