சிபியு, ரேம், டிஎன்எஸ்: இந்த எழுத்துகளுக்கு என்ன வேலை?

புதிதாகக் கணினி பழகுகிறவர்கள் பலரும் ரேம், எஸ்எஸ்டி, டிஎன்எஸ் என்று வரிசையாக வரும் எழுத்துகளைப் பார்த்து மிரண்டு, ஒவ்வொன்றின் விரிவாக்கத்தையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ரேம் என்றால் ரேண்டம் ஆக்சஸ் மெமரி. சரி, தெரிந்துகொண்டோம், இப்போது என்ன புரிந்தது? ஒன்றும் புரியவில்லை. அது என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்தால் விரிவாக்கம் தானாக நினைவில் நிற்கும். அதனால் கணினியை ஆன் செய்வதிலிருந்து ஒரு இணையப் பக்கம் திரையில் வரும் வரை நடப்பதைக் கூடவே போய்ப் பார்த்துவிடலாம்.

பட்டனை அழுத்தியதும் சிபியு விழித்துக்கொள்கிறது. கணக்குப் போடுவது, ஒப்பிடுவது, அடுத்து என்ன என்று முடிவெடுப்பது எல்லாம் இதன் வேலை. ஆனால் அந்த நொடியில் அதற்கு எதுவுமே தெரியாது, ஏனென்றால் வேலை நடக்கும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேம் காலியாக இருக்கிறது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் பதிந்திருக்கும் நிரல்தான் அதற்கு முதல் கட்டளைகளைத் தருகிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், இப்போது வருபவற்றில் யுஇஎஃப்ஐ. கீபோர்டு இருக்கிறதா, நினைவகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில் இருக்கும் இயங்குதளத்தை (விண்டோஸ் போன்றது) எடுத்து ரேமில் ஏற்றத் தொடங்குவது அதுதான்.

இங்கேதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம்: எஸ்எஸ்டியிலேயே எல்லாம் இருக்கும்போது ரேம் எதற்கு? வேகத்துக்காக. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு என்றால் அதன் கடிகாரம் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குள் ஒளியே சுமார் 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறக்குறைய 300 துடிப்புகள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியிலிருந்து வர லட்சக்கணக்கில் ஆகும், தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கோடிக்கணக்கில். ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிப் பார்த்தால் ரேமுக்காக ஐந்து நிமிடம், எஸ்எஸ்டிக்காக மூன்று நாளுக்கு மேல், ஹார்டு டிஸ்குக்காக கிட்டத்தட்ட ஒரு வருடம் சிபியு காத்திருக்க வேண்டும்! பழைய கணினியில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் அது புதிதுபோல ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, அவ்வளவு வேகமான ரேமிலேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாமே என்றால், அது மறந்துவிடும். ரேமில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல்) நுண்ணிய கொள்கலன் ஒன்றில் மின்னேற்றமாக இருக்கிறது, அது எப்போதும் கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் அந்த வேலையும் நின்றுபோகும், சேமிக்காத கடிதமும் போய்விடும். எஸ்எஸ்டி எலக்ட்ரான்களை மின்கடத்தாப் பொருளுக்கு நடுவே அடைத்து வைப்பதால் மின்சாரம் இல்லாமலும் தாங்குகிறது. போன் விவரத்தில் 8 ஜிபி என்றும் 128 ஜிபி என்றும் இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது ரேம், இரண்டாவது சேமிப்பு. படம் வைக்க இடம் போதவில்லை என்றால் ரேமைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜிபியுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஒரே மாதிரியான சின்னக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் சிப் அது. திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க அதுதான் தேவைப்படுகிறது.

அப்புறம் பிரவுசரைத் திறந்து ஒரு முகவரியைத் தட்டுகிறீர்கள். அந்த முகவரிக்கு யுஆர்எல் என்று பெயர். ஆனால் இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன, அந்த எண்தான் ஐபி முகவரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன, அதை ஒவ்வொருவரும் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்தப் பொறுப்பை உலகம் முழுக்கப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான், அவை போதாமல் போனதால்தான் ஐபிவி6 என்ற புதிய வகை வந்தது.

எண் கிடைத்ததும் டிசிபி வேலையைத் தொடங்குகிறது. பக்கம் முழுதாக ஒரே மூட்டையாக வருவதில்லை, சிறு சிறு பொட்டலங்களாக, வெவ்வேறு வழிகளில்கூட வரலாம். எது வரவில்லை என்று பார்த்துத் திரும்ப அனுப்பச் செய்து, வரிசைப்படுத்தி ஒப்படைப்பது டிசிபி. அந்தப் பொட்டலங்களுக்குள் என்ன கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்ற விதிகள் எச்டிடிபி. வந்து சேரும் பக்கம் எழுதப்பட்டிருக்கும் மொழி எச்டிஎம்எல். எச்டிடிபிஎஸ் என்று கடைசியில் ஒரு எஸ் இருந்தால், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பேச்சு மறையாக்கம் செய்யப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று அந்த எஸ் சொல்லவில்லை. ஏமாற்றுத் தளங்களுக்கும் அது சுலபமாகக் கிடைக்கிறது, அதை மட்டும் நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, இணைய வேகத்தைச் சொல்லும் எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது). இங்கே எம்பி என்பது மெகாபிட், கோப்பின் அளவைச் சொல்லும் எம்பியோ மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும், ஒரு ஜிபி கோப்புக்குக் குறைந்தது 80 நொடி பிடிக்கும்.