'ஜோசஃப்' பார்த்துவிட்டு ஐசியு வாசலுக்கு வருகிறவர்களுக்கு

மறுபடியும் அதே பதில். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். பைக் விபத்து, ஹெல்மெட் இல்லை, முப்பது வயதைத் தொடாத பையன். மூளைச்சாவு உறுதியாகி, நரம்பியல் டாக்டர் அதைக் குடும்பத்துக்கு விளக்கிச் சொன்ன பிறகு, உறுப்பு தானம் பற்றிப் பேச நான் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டான்: "மேடம், நாங்க ஜோசஃப் படம் பாத்திருக்கோம். வேண்டாம்."

(அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. காரணமே சொல்லாமல் மறுக்கலாம். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரின் வேலை கையெழுத்து வாங்குவது மட்டுமல்ல, அந்த மறுப்பை மதிப்பதும்தான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவன் அடுத்துக் கேட்ட கேள்வி: "அண்ணனுக்கு நடந்தது நிஜமாவே ஆக்ஸிடென்ட்தானா? இல்ல, யாராவது அடிச்சுப் போட்டாங்களா?" பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்தது. இனி ஆயுசு முழுக்க அந்தத் தாய் மகனை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைப்பார். கோயம்புத்தூரில் இந்த வேலையில் இருப்பதால் கேரள எல்லையான வாளையாறு தாண்டி வரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். இதே பேச்சு இப்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ஆட்களிடமும் வந்துவிட்டது. இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஜோசஃப்' 2018 நவம்பரில் வந்த மலையாளப் படம். எம். பத்மகுமார் இயக்கம், காவல் துறையில் வேலை பார்த்த ஷாஹி கபீரின் கதை. ஓய்வு பெற்ற போலீஸ்காரராக ஜோஜு ஜார்ஜ் நடித்திருப்பார். விபத்து போல ஜோடித்து ஆட்களின் தலையில் அடித்து, மூளைச்சாவு அடைய வைத்து, உறுப்புகளை விற்கும் ஒரு கும்பலை அவர் கண்டுபிடிப்பதுதான் கதை. படம் பெரிய வெற்றி. ஜோஜுவுக்கு மாநில விருதும் தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தன. 2022இல் அதே இயக்குநர் 'விசித்திரன்' என்று தமிழில் எடுத்தார். நல்ல படம், எனக்கும் பிடித்த படம்தான். பிரிந்துபோன மனைவியின் சாவை அந்த மனிதர் தாங்கிக்கொள்ளும் விதத்தை எந்த மருத்துவமனை ஊழியரும் மறக்க முடியாது.

கேரளத்தில் உறுப்பு தானம் விழுந்ததற்கு இந்தப் படம்தான் காரணம் என்று எங்கள் துறையிலேயே பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. இறந்தவர்களின் உறுப்பு தானத்துக்கான கேரள அரசின் மிருதசஞ்சீவனி திட்டம் 2012இல் தொடங்கியது. 2015இல் மூளைச்சாவு அடைந்த 76 பேரின் உறுப்புகள் தானமாயின. 2016இல் 72. அடுத்த ஆண்டே 18. 2018இல் வெறும் 8. படம் வந்தது அந்த 2018இன் கடைசியில். அதாவது பயம் முதலில் வந்தது, படம் பிறகு வந்தது. ஆனால் ஊரில் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த சந்தேகத்துக்குப் படம் ஒரு முகமும் காட்சியும் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அதை அசைப்பது மிகவும் கஷ்டம்.

அந்தச் சந்தேகம் காற்றில் முளைத்ததும் அல்ல. அதே 2018 மே மாதம் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிய பாலக்காட்டு இளைஞர் ஒருவரைச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பில் கட்ட முடியாததால் உறுப்புகளை எடுத்துக்கொண்டார்கள் என்று குடும்பம் புகார் சொன்னது. கேரள முதல்வர் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதி விசாரணை கேட்கும் அளவுக்குப் போனது விஷயம். அப்படிப்பட்ட நாளில் வாழ்கிற குடும்பத்திடம் "டாக்டர்களை நம்புங்கள்" என்று மொட்டையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. பில் பேச்சையும் தானப் பேச்சையும் ஒரே மேசையில் வைக்கிற எந்த மருத்துவமனையையும் என்னால் மன்னிக்க முடியாது. அது குற்றம்.

ஆனால் படம் காட்டும் முறை நடக்கவே நடக்காது. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

மூளைச்சாவை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. தலையில் பலமாக அடித்தால் ஆள் அங்கேயே மூச்சு நின்று இறந்துபோகலாம். இதயம் நின்று நேரம் போய்விட்டால் அந்த இதயமும் கல்லீரலும் யாருக்கும் உதவாது. அல்லது ஆள் பிழைத்துக்கொள்ளலாம், மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான நிலை உண்டு: மூச்சை இயக்கும் மூளைத்தண்டு முழுசாகச் செத்துவிட்டது, ஆனால் அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து வென்டிலேட்டர் போட்டதால் இதயம் மட்டும் துடிக்கிறது. அடிக்கிறவன் இந்த அடி எதில் போய் முடியும் என்று எப்படி முன்கூட்டிச் சொல்வான்? எங்கள் ஐசியுவுக்குத் தலைக்காயத்தோடு வருகிறவர்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நரம்பு அறுவை நிபுணராலேயே முதல் நாளில் சொல்ல முடிவதில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு அப்படியே நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறுப்பு யாருக்கு? ரத்த வகை சேர வேண்டும், உடல் அளவு சேர வேண்டும். வெளியே எடுத்த இதயம் ஏறக்குறைய நாலு மணி நேரம்தான் தாங்கும். பட்டியல் மருத்துவமனையிடம் இல்லை. மாநில அரசுகளின் உறுப்பு மாற்று அமைப்புகளிடம், அதாவது கேரளத்தில் கே-சோட்டோவிடமும் தமிழ்நாட்டில் டிரான்ஸ்டானிடமும் இருக்கிறது. விபத்து என்பதால் போலீசுக்குத் தகவல் போகும், பிரேதப் பரிசோதனை நடக்கும். இத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும். ஒதுக்கீட்டில் முறைகேடு நடந்ததாகப் புகார்கள் வந்ததுண்டு, அவற்றை விசாரிக்கத்தான் வேண்டும். அது வரிசையைத் தாண்டிக் கொடுத்தார்கள் என்ற புகார். ஆளைக் கொன்று எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

மூளைச்சாவைச் சான்றளிப்பவர் ஒரு டாக்டர் அல்ல, நான்கு பேர்: மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பு மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிபுணர், ஒரு நரம்பியல் அல்லது நரம்பு அறுவை மருத்துவர், சிகிச்சை பார்த்த மருத்துவர். மாற்று அறுவை செய்கிற அணியைச் சேர்ந்த யாரும் இதில் இருக்கக் கூடாது. சோதனை இரண்டு முறை, நடுவே குறைந்தது 6 மணி நேரம்.

அந்தச் சோதனையில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் ஆப்னியா டெஸ்ட். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியாக ஆக்ஸிஜனை மட்டும் விடுவார்கள். நோயாளியின் நெஞ்சும் வயிறும் தெரியும்படி துணியை விலக்கிவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எட்டு நிமிடம், பத்து நிமிடம். யாரும் பேசமாட்டார்கள். ரத்தத்தில் கரியமில வாயு 60ஐத் தாண்டி ஏறும். மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் அந்த அளவில் உடம்பு மூச்சுக்குத் துடித்தே தீரும். ஒரு சிறு அசைவு தெரிந்தாலும் சோதனை அங்கேயே நிற்கும், சிகிச்சை தொடரும். நெஞ்சு அசைகிறதா என்று அந்த அறையில் எல்லோருமே ஆசையோடுதான் பார்ப்போம்.

கோமா வேறு. கோமாவில் இருப்பவர் தானாக மூச்சு விடலாம், திரும்பி வரலாம். மூளைச்சாவு என்பது சாவு. உடம்பு சூடாக இருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும். அது இயந்திரத்தின் வேலை. விரல் அசைந்ததைப் பார்த்து ஓடி வருவார்கள். தண்டுவடத்தின் அனிச்சை அசைவு அது. இதைச் சொல்லும்போது என் தொண்டையும் அடைக்கத்தான் செய்கிறது.

இதில் கேரளம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2020 ஜனவரியில் மூளைச்சாவு அறிவிப்பதற்கென்றே தனி வழிமுறை கொண்டுவந்தது. தானம் உண்டோ இல்லையோ, சாவைச் சாவு என்று அறிவிக்கலாம். உறுப்புக்காகத்தான் அறிவிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உறுப்புக்காக ஆள் கடத்தல் நடக்கிறது. ஐசியுவில் படுத்திருப்பவரிடம் அல்ல, தன் காலால் நடந்து வருகிறவரிடம். 2024 மே மாதம் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஒருவரைப் பிடித்தார்கள். சிறுநீரகம் விற்க ஆட்களை ஈரானுக்கு அழைத்துப் போனார் என்பது வழக்கு. ஆள் கடத்தல் பிரிவிலும் உறுப்பு மாற்றுச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது, பிறகு தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ எடுத்துக்கொண்டது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம். கடனில் முங்கிய விசைத்தறித் தொழிலாளர்களைப் புரோக்கர்கள் தேடிப் போனார்கள். உயர் நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. இந்தச் செய்திகள் வந்த வாரம் யாரும் என்னிடம் வந்து பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கேட்டவர்கள்கூட "அவங்களே சம்மதிச்சுதானே குடுத்தாங்க" என்றார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உறுப்பைப் பறிப்பதற்காக ஆளைக் கூட்டிப் போவது ஆள் கடத்தல்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 370, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 143. ஏமாற்றியோ மிரட்டியோ பணத்தாசை காட்டியோ கூட்டிப் போயிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. உறுப்பை வாங்கி விற்கும் தரகுக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம்.

ஐசியு வாசலில் நிற்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கேள்வி கேளுங்கள். நான்கு டாக்டர்களின் பெயரைக் கேளுங்கள். முதல் சோதனை எத்தனை மணிக்கு, இரண்டாவது எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறவர்களிடம் பயப்பட வேண்டாம். சம்மதித்த பிறகு உடலைப் பராமரிக்கும் செலவும் உறுப்பு எடுக்கும் செலவும் உங்கள் தலையில் விழக் கூடாது என்பது விதி. பில்லைக் குறைக்கிறேன் என்று தானத்தோடு முடிச்சுப் போட்டு யாராவது பேசினால் கையெழுத்துப் போடாதீர்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே இதைப் பேசிவையுங்கள். தான அட்டை பர்ஸில் இருந்தாலும் எங்களிடம் பதில் சொல்லப்போவது உங்கள் குடும்பம்தான்.

கடனில் இருக்கிறவர்களுக்கு: டெஸ்ட் எல்லாம் இலவசம், முன்பணம் தருகிறேன், ஒரு கிட்னி போதும் என்று ஒருவர் வீடு தேடி வந்தால் அவர் புரோக்கர். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எதையும் கையில் கொடுக்காதீர்கள். நோயாளிக்கு உறவு என்று காட்டப் பொய்ச் சான்றிதழ் தயார் செய்வார்கள். உயிரோடு இருப்பவர் உறுப்பு கொடுக்க ஒப்புதல் தரும் அனுமதிக் குழுவின் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துவார்கள். அந்தக் குழு உங்களைத் தனியாக விசாரிக்கும்போது பணம் பேசியதைச் சொல்லிவிடுங்கள், அந்த இடத்திலேயே எல்லாம் நிற்கும். பேசிய தொகையை முழுசாகக் கொடுக்காமல் ஏமாற்றுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். சிறுநீரகம் கொடுத்தவர் வருடாவருடம் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். விற்றவரை அதற்குக் கூப்பிட ஆள் இருக்காது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டு, நாமும் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. தனியாக ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 15100க்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவிக்கான எண் அது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வக்கீல் தருவார்கள், காசு வேண்டாம். புரோக்கரின் வாட்ஸ்ஆப் மெசேஜ், ஜிபே ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் அழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.