ஒரு மாங்கா, ரெண்டு பங்காளி

போன வருஷம் ஜூன் கடைசில கே.வி.குப்பம் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையில ஏழெட்டு நீலம் பழம் எடுத்துட்டு வந்தாரு, டேபிள் மேல கொட்டிட்டு "இன்னா சார், தோல்ல ஓட்டையே காணோம், உள்ள வண்டு கீது, எந்த வழியா பூந்துச்சு?"ன்னு கேட்டாரு. ரெண்டு பழத்த அறுத்தேன். ஒண்ணுல கொட்டைக்குள்ள கருப்பா வண்டு, சதை சுத்தமா இருந்துச்சு. இன்னொண்ணுல கொட்டை நல்லாருக்கு, சதை கூழாகி வெள்ளப்புழு நெளியுது. ரெண்டுத்துக்கும் சேத்து அறுப்புக்கு பத்து நாள் முன்னாடி ஒரே மருந்த அடிச்சிருக்காரு மனுஷன்.

பாகம் பிரிச்ச கதைதான் இது. கொட்டை வண்டு, காய் கோலிகுண்டு சைஸ்ல இருக்கறப்பவே தோல்ல முட்ட வெச்சுடும், புழு இளங்கொட்டைக்குள்ள போயி உக்காந்துக்கும், காய் பெருக்க பெருக்க வந்த வழி தூந்துடும். பழ ஈ வர்றது காய் முத்தின அப்புறம், தோலுக்கடியில குத்தி முட்ட வெக்கும், அதுக்கு சதைதான் வேணும். அதனால ஒரே பழத்துல ரெண்டும் சண்டையில்லாம குடியிருக்கும்.

சண்டையெல்லாம் ஈக்கும் ஈக்கும்தான். ஒரே பழத்துல புழு ஜாஸ்தியாச்சுன்னா தீனி பத்தாது, ஈ சின்னதா வரும். வேற ஜாதி ஈ இருந்தா இன்னும் மோசம், நம்மூரு மாம்பழ ஈ 2003ல கென்யாவுல தென்பட்டுச்சு, கொஞ்ச வருஷத்துலயே அந்த ஊரு ஈய மாம்பழத்துலேர்ந்து ஓரங்கட்டிடுச்சு.

ஆக அறுப்புக்கு முன்னாடி அடிச்ச மருந்து கொட்டைக்குள்ள இருக்கற வண்டுக்கு போய் சேரவே சேராது, பழத்துலதான் தங்கும். வண்டுன்னா காய் கோலிகுண்டா இருக்கறப்பவே பாக்கணும், மரத்தடி கொட்டைய பொறுக்கி அழிக்கணும், ஏன்னா வெளிய வந்த வண்டு அடுத்த பூ வரைக்கும் பட்டை இடுக்குல தூங்கும். ஈக்கு மெத்தில் யூஜினால்ங்கற வாசனை மருந்து வெச்ச பொறி வைக்கலாம், ஆனா அதுல ஆண் ஈ மட்டும்தான் விழும். டப்பா ரொம்பிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு உதிர்ந்த பழத்த அப்படியே விட்டீங்கன்னா புழு மண்ணுல எறங்கி கூட்டுப்புழுவாயிடும், ரெண்டடி குழில போட்டு மூடுங்க.

மரத்துல முசுறு, அதான் எலைய சேத்து தச்சு கூடு கட்டற செவப்பெறும்பு, அதோட கூடு இருந்தா அவசரப்பட்டு வெட்டாதீங்க. அது ஓடின காய்ல ஈ முட்ட வெக்க தயங்கும். (மாவுப்பூச்சிய வளக்கும், அறுப்பு ஆளுங்கள கடிக்கும், திட்டு வாங்கறது நீங்கதான்.)

கெளம்பறப்ப பெரியவர் கேட்டாரு, "எங்க வூட்டு துளசி மேல ஒரு ஈ குந்திகினே கீது, அதுவா சார்?" அதேதான், ஆண் ஈ. பொறியில இருக்கற அதே வாசனை துளசியிலயும் இருக்கு.