நிலுவைச் சம்பளம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

போன வாரம் ஓர் அம்மா கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 2025 அக்டோபரில், நாடாளுமன்றம் செலவுக்கான நிதியை ஒப்புக்கொள்ளாததால் அரசு முடங்கிச் சம்பளம் நின்றபோது வேலையின்மை உதவித்தொகை வாங்கியிருக்கிறார். பிறகு அதே நாள்களுக்கான நிலுவைச் சம்பளமும் வந்துவிட்டது. வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது கடிதம். மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. பணமோ நவம்பரிலேயே வாடகைப் பாக்கிக்கும் கார் தவணைக்கும் போய்விட்டது.

மேரிலாந்தில் வருமான வரிக் கணக்கும் குடும்ப நிதி ஆலோசனையும் என் தொழில். 2013-இல் 16 நாள், 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள், 2025-இல் 43 நாள் என்று மூன்று பெரிய முடக்கங்களை இதே மேசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதே கடிதங்கள், இதே கண்ணீர். கூடவே ஒரு பேச்சும் வருகிறது: ‘பின்னால்தான் முழுச் சம்பளமும் வந்துவிடுமே! சம்பளத்தோடு விடுமுறைதானே?’ தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலும் இதைக் கேட்டேன். தயவுசெய்து இதை இனிமேல் சொல்லாதீர்கள்.

முதலில், எல்லோருக்கும் விடுப்பு இல்லை. 2018-19 முடக்கத்தில் சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தினமும் வேலைக்குப் போனார்கள். விமான நிலையத்தில் உங்கள் பையைச் சோதித்தவர் பெட்ரோலைக் கடன் அட்டையில் போட்டுக்கொண்டு வந்தவர். அந்த வட்டியையும் வாடகைக்கான தாமதக் கட்டணத்தையும் யாரும் திருப்பித் தருவதில்லை.

அடுத்தது, நிலுவைச் சம்பளத்துக்கு உறுதி தரும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் நேரடி ஊழியர்களுக்கு மட்டும்தான். அதே கட்டடத்தைப் பெருக்குபவர், வாசல் காவலாளி, கேன்டீன் சமையல்காரர், கணினிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பையன் எல்லோரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அவர்களுக்கு அந்த 43 நாள் போனது போனதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை.

பொருளாதாரத்துக்கும் இதே கதைதான். அரசு அலுவலகங்களுக்கு நடுவே சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர் ஒருவர் எனக்குப் பல வருட வாடிக்கையாளர். மதியம் வரிசை நிற்கும் கடையில் அக்டோபர் முழுக்க நாற்காலிகள் காலி. இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். அலுவலகம் திறந்த பிறகு, விட்டுப்போன சாப்பாட்டை யாரும் வந்து சேர்த்துச் சாப்பிடவில்லை. 35 நாள் முடக்கத்தில் 1,100 கோடி டாலர் உற்பத்தி தடைப்பட்டது, அதில் 300 கோடி திரும்பவே இல்லை என்பது நாடாளுமன்ற வரவு செலவு அலுவலகத்தின் கணக்கு. 2025-இல் ஆறு வாரம் நீடித்தால் திரும்பாமல் போகும் தொகையே 1,100 கோடி என்றார்கள். ஆறு வாரத்தையும் தாண்டித்தான் முடிந்தது.

இனி, செய்ய வேண்டியவை. கட்டாய விடுப்பில் அனுப்பினால் உதவித்தொகைக்கு உடனே விண்ணப்பியுங்கள். வீடு இருக்கும் மாநிலத்தில் அல்ல, வேலை பார்க்கும் இடத்தில். வர்ஜீனியாவில் குடியிருந்து வாஷிங்டனில் வேலை என்றால் வாஷிங்டனில். சம்பளமில்லாமல் முழுநேரம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொதுவாக இது கிடைக்காது. நிலுவைச் சம்பளம் கைக்கு வந்த அன்றே உதவித்தொகைக்குச் சமமான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது உங்கள் பணம் அல்ல, கடன். வாங்கியது ஓர் ஆண்டிலும் கட்டுவது அடுத்த ஆண்டிலும் விழுந்தால் வரிக் கணக்கு தனித் தலைவலி. திருப்பிக் கட்டிய தொகை 3,000 டாலருக்கு மேல் போகாவிட்டால் அதற்கு வரிக் கழிவும் கிடைக்காது. நிலுவைச் சம்பளம் வராத ஒப்பந்த ஊழியர்களுக்குத் திருப்பிக் கட்டும் கவலை இல்லை. ஆனால் அவர்களில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை!

எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி, தங்கைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். வேலை இல்லாத நாள்களுக்கும் உங்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனத்தின் சட்டக் கடமை. ‘நானே விரும்பிச் சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறேன்’ என்று காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு என்னிடம் வந்தால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பெரும்பாலும் வருமான வரியோடு 10 சதவீதம் கூடுதல் வரியும் போகும். அரசு ஊழியர்களுக்கு முடக்கக் காலத்தில் வட்டியில்லாக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்களும் வங்கிகளும் இருக்கின்றன. முதலில் அங்கே கேளுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் கடன் கொடுத்தவரிடமும் தவணைத் தேதிக்கு முன்பே பேசுங்கள். அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது; அதற்குள் நிதி ஒப்புதல் ஆகாவிட்டால் முடக்கம்தான். செப்டம்பருக்குள் ஒரு மாத வாடகையாவது கையில் இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்குத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.