மூன்று விநாடி இழுப்பு

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி என் மேசையில் பரப்பினார் அந்தப் பெண். ஒவ்வொன்றிலும் பேனாக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டியிருந்தன. "அப்பாவுக்குக் கை இழுத்த கணக்கு டாக்டர். நேத்து மட்டும் நாப்பத்தி மூணு."

அப்பாவுக்கு 64 வயது. நாங்கள் பேசும்போதே அவருடைய வலது கை வெடுக்கென்று மடங்கியது. வாயின் வலது ஓரமும் கூடவே கோணியது. மூன்று விநாடிகூட இருக்காது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் தரையில் உருண்டது.

இரண்டு மாதமாக இப்படித்தான். முதலில் பார்த்த இடத்தில் பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் வலிப்பு என்றார்கள். அது சரிதான், ஆனால் இரண்டு வலிப்பு மருந்து கொடுத்தும் கோடுகள் குறையவில்லை. இதற்குள் மறதியும் வந்துவிட்டது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில், "இன்னும் டிபன் தரலையே" என்கிறார். சொந்தக்காரர்கள் "வயசாயிடுச்சில்ல" என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் சோடியம் 124.

ஒரே பக்கம் முகமும் கையும் சேர்ந்து இழுக்கும் இந்தக் குட்டி வலிப்பு, மறதி, குறைந்த சோடியம். இந்த மூன்றும் ஒன்றாக நின்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எல்ஜிஐ1 என்ற புரதம்.

மூளையில் இரண்டு நரம்பு செல்கள் பேசிக்கொள்ளும் இடம் சினாப்ஸ். அங்கே அவை ஒட்டியிருப்பதில்லை. நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. செய்தி அனுப்பும் கரையில் ஆடம்23, வாங்கும் கரையில் ஆடம்22 என்று இரண்டு புரதங்கள் வளையம்போல நிற்கின்றன. இடைவெளியில் சுரக்கும் எல்ஜிஐ1 இரண்டையும் மாட்டும் கொக்கி. சும்மா பிடித்துக்கொள்வது மட்டும் அதன் வேலை இல்லை. ஆடம்22-இன் வால் செல்லுக்குள்ளே கட்டடச் சாரம்போல நிற்கும் பிஎஸ்டி-95 என்ற புரதத்தோடு பிணைந்திருக்கிறது. செய்தியை வாங்கும் ஆம்பா ஏற்பிகள் தங்கள் இடத்தில் நிலைத்து நிற்பது அந்தச் சாரத்தின் துணையில். கொக்கி நழுவினால் ஏற்பிகள் குறையும், நினைவு பதியாது. மறுகரையில் நரம்பின் துடிப்பை அடக்கும் பொட்டாசியம் வாயில்களும் குறையும், அதனால் இழுப்பு வரும். எல்ஜிஐ1 ஆடம்22-ஓடு பிணைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். நோயாளிகளின் உடலே எல்ஜிஐ1-க்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி இந்தக் கொக்கியைத் தட்டிவிடுகிறது என்பது 2010-இல் தெரிந்தது. (எல்ஜிஐ1 மரபணுவிலேயே பிழையோடு பிறக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களில் பலருக்கு வலிப்பு வரும்போது இல்லாத சத்தம் காதில் கேட்கும்.)

செல் செத்துப்போய் வரும் மறதிக்கும், ஏற்பி இடம் பெயர்ந்து வரும் மறதிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதை நேரத்தோடு பிடித்தால் பெருமளவு திருப்பலாம். இழுப்பு பெரும்பாலும் மறதிக்கு முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில் சிகிச்சை தொடங்கினால் மறதி வராமலே தடுக்க வாய்ப்புண்டு. அதனால்தான் அந்தக் கோடுகளை முதல் வாரமே யாராவது எடுத்துப் பார்த்திருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

வீட்டில் இப்படிப் பார்த்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். மூளையின் மின்னலையைப் பதியும் இஇஜி பல சமயம் ஒன்றும் காட்டாது, எம்ஆர்ஐயும் நார்மலாக இருக்கலாம். வீடியோ பொய் சொல்லாது. ஆன்டிபாடியை ரத்தத்திலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தண்டுவட நீரில் மட்டும் பார்த்தால் தவறிப்போகலாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உடலின் இந்தத் தாக்குதலை அடக்கும் ஸ்டீராய்டை நீங்களாக வாங்கவும் வேண்டாம். சர்க்கரையும் கிருமித் தொற்றும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. சிலருக்கு உடலில் எங்காவது கட்டி ஒளிந்திருக்கும் என்பதால் அதற்கும் ஸ்கேன் எடுப்போம்.

ரத்தம் கொடுத்தனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினோம். ஐந்தாம் நாள் தாளில் நான்கே கோடுகள். அடுத்த வாரத்தில் வெறும் தாள். முடிவும் எல்ஜிஐ1 என்றே வந்தது.

ஆறு மாதம் கழித்து வந்தபோது பென்ஷன் கணக்கைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். நோயாக இருந்த அந்த இரண்டு மாதம் மட்டும் திரும்பவில்லை. சின்ன மகளின் வளைகாப்பு அப்போதுதான் நடந்ததாம். போட்டோவில் அவர்தான் முன்வரிசையில், சந்தனக் கிண்ணத்தோடு. "இதுல நான் இருக்கேனேம்மா" என்று பெரிய மகளிடம் திரும்பிக் கேட்டார். அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.